கடிகார மணிக்குக் காத்திருந்த புனிதை



கையில் செபமாலை உருள்கிறது. எண்ணமோ அடுப்பிலும் கடனிலும் நிற்கிறது. “இப்படிச் செபிப்பது வெளிவேடம்தானே சாமி?” என்று கேட்டு, செபத்தையே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. இதே குழப்பத்தில் சிக்கிய ஒருவரைத்தான் திருச்சபை இன்று செபத்தின் ஆசிரியையாகப் போற்றுகிறது. அவர் அவிலா நகர் புனித தெரேசா.

1515-இல் ஸ்பெயினில் பிறந்த தெரேசா, 1535-இல் அவிலாவிலுள்ள கார்மேல் மடத்தில் சேர்ந்தார். கடும் நோயிலிருந்து எழுந்தபின், மடத்துக்கு வருவோரோடு பேசி மகிழ்வதில் அவர் மனம் சென்றது. ‘இப்படிப்பட்ட நான் கடவுளோடு தனித்திருக்கத் தகுதியற்றவள்’ என்று எண்ணினார். வாய்ச்செபத்தோடு நின்றுகொண்டு, மனச்செபத்தை ஓராண்டுக்கு மேல் கைவிட்டார்.

தம் தந்தைக்கு மனச்செபத்தைக் கற்றுத்தந்தவரே அவர்தான். தந்தையிடம், “நான் இப்போது செபிப்பதில்லை” என்று சொன்னார். ஆனால் உண்மைக் காரணத்தை மறைத்து, நோயைக் காரணம் காட்டினார். தந்தை அதை நம்பி இரக்கப்பட்டார். செபத்தில் வளர்ந்துவிட்ட அவரோ, அதன்பின் மகளைப் பார்க்க வந்தாலும் அதிக நேரம் தங்குவதில்லை. பேசிக்கொண்டிருப்பது வீண் என்று புறப்பட்டுவிடுவார்.

1543-இல் தந்தை இறந்தார். அவருடைய ஆன்ம குருவான தோமினிக்கன் துறவி, செபத்தை விடக்கூடாது என்று தெரேசாவுக்கு அறிவுரை சொன்னார். தெரேசா மீண்டும் தொடங்கினார். செபம் உடனே இனித்துவிடவில்லை. கடிகாரம் எப்போது அடிக்கும், செப நேரம் எப்போது முடியும் என்று பல ஆண்டுகள் காத்திருந்ததாக அவரே எழுதுகிறார். ஆனாலும் எழுந்து போகவில்லை. 1554-ஆம் ஆண்டளவில், காயமுற்ற இயேசுவின் சுரூபத்தின்முன் கண்ணீரோடு விழுந்தபோது அவர் வாழ்வு திரும்பியது. 1562-இல் புனித சூசையப்பர் மடத்தை நிறுவினார். 1970-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரை மறைவல்லுநராக அறிவித்தார். அப்பட்டம் பெற்ற முதல் பெண் அவரே.

போலித்தனம் எங்கே இருந்தது? மணியோசைக்குக் காத்திருந்ததில் அல்ல. தகுதியில்லை என்று ஒதுங்கியதில் இருந்தது. அது தாழ்ச்சியின் வேடத்தில் வந்த சோதனை என்பதைத் தெரேசா பின்னர் உணர்ந்தார்.

உள்ளறைக்குச் சென்று கதவை அடைத்துச் செபிக்கச் சொன்னார் ஆண்டவர் (மத்தேயு 6:6). அங்கே யாருக்காக நடிக்கப்போகிறோம்? இன்றிரவு களைப்பாக இருந்தால், “ஆண்டவரே, களைத்திருக்கிறேன்” என்று சொல்லுங்கள். மனம் அலைந்தால், எதை நோக்கி அலைகிறதோ அதையே அவரிடம் சொல்லுங்கள். எழுந்து மட்டும் போய்விடாதீர்கள். இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.