பாவ்லா கொலை வழக்கு



1925 ஜனவரி 12, பம்பாய் மலபார் ஹில். காரை மறித்து, செல்வந்தர் அப்துல் காதர் பாவ்லாவைச் சுட்டுக் கொன்றது ஒரு கும்பல். உடனிருந்த மும்தாஜ் பேகத்தின் முகத்தைக் கத்தியால் கிழித்தார்கள். கோல்ஃப் ஆடிவிட்டு அவ்வழியே வந்த ஆங்கிலேய ராணுவ அதிகாரிகள், கையிலிருந்த மட்டையாலேயே அடித்து அவரைக் காப்பாற்றினார்கள்.

மும்தாஜ், இந்தூர் மகாராஜா துக்கோஜிராவ் ஹோல்கரின் ஆசை நாயகியாக இருந்தவர். பெற்ற பெண் குழந்தையை அங்கே கொன்றுவிட்டார்கள் என்று சொல்லி, தப்பி வந்தவர். அவரைத் தூக்கிப் போகத்தான் இந்தூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தழும்பேறிய முகத்தோடு கோர்ட்டில் நின்று எல்லாவற்றையும் சொன்னாரே, அதுதான் வீரம்!

மூவருக்குத் தூக்குத் தண்டனை. மகாராஜா கூண்டில் ஏறவே இல்லை. விசாரணைக் கமிஷனா, பதவி விலகலா என்று ஆங்கில அரசு கேட்டது. 1926இல் மகனுக்குப் பட்டத்தைக் கொடுத்து விலகினார். 1928இல் அமெரிக்கப் பெண் ஒருவரை மணந்துகொண்டார்.