எங்க வீட்டுத் தவிடு எங்கே போச்சு?

சேவூர்னா உங்களுக்குப் பட்டுப்புடவைதான் ஞாபகம் வரும். தறிச் சத்தம் கேட்கிற இதே ஊர்லதான் கழனியும் ரெண்டு மாடும் வச்சுக்கிட்டு நானும் இருக்கேன். ஆரணி அரிசி சாப்பிட்டிருப்பீங்க. அதோட கூடப்பிறந்த தவிட்டின் கதை இது.

100 கிலோ நெல் அரைத்தால் சுமார் 20 கிலோ உமி, 8 கிலோ தவிடு வரும். உமி நெல்லின் மேல்கூடு. தவிடு அரிசியை ஒட்டிய தோல். தவிட்டில் எண்ணெய், புரதம், நார் எல்லாம் உண்டு. அந்த நாரை மாட்டு வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் செரிக்க வைக்கும். உமியிலும் நார் உண்டு, ஆனால் மணலில் இருக்கிற அதே சிலிக்காவும் நிறைய இருப்பதால் மாட்டுக்குச் செரிக்காது.

எங்க பாட்டி காலத்தில் உரலும் உலக்கையும்தான். உமி அடுப்புக்கு, தவிடு கழுநீர்த் தொட்டிக்கு. யாரும் காசு கொடுத்துத் தவிடு வாங்கியதில்லை.

அப்புறம் ஹல்லர் மிஷின் வந்தது. 1958-ல் அரிசி ஆலைகளுக்கென்று மத்திய அரசு ஒரு சட்டம் போட்டது. புது மில்லுக்கு அனுமதி தரும்போது, நெல் குத்திப் பிழைக்கிறவங்க வேலை போகுமான்னும் பார்க்கச் சொன்ன சட்டம். 1997-ல் அதை நீக்கிட்டாங்க. ஹல்லரில் உமி நீக்குவதும் தவிடு சீவுவதும் ஒரே இடத்தில் நடக்கும். அதனால உமித்தூள் கலந்த தவிடுதான் வரும். ஆனாலும் அது நம்ம மூட்டையிலேயே வீட்டுக்குத் திரும்பி வந்தது. எங்கப்பா அதைச் சலிச்சுத்தான் மாட்டுக்கு வைப்பார்.

நவீன மில்லில் ரப்பர் உருளை முதலில் உமியைத் தனியாக நீக்கும். பிறகு தவிடு சுத்தமாக வரும். அதில் நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு எண்ணெய். அதான் எண்ணெய்க் கம்பெனிகள் வாங்கிக்கிறாங்க. நீங்க கடையில் வாங்கும் தவிட்டு எண்ணெய் அதுதான். எண்ணெய் எடுத்த தவிடு தீவனமாகி எங்களிடமே விலைக்கு வருகிறது. நாங்களும் நெல்லைக் களத்திலேயே விற்றுவிட்டு அரிசி வாங்க ஆரம்பிச்சோம். தவிடு வீட்டுப் பக்கம் வருவது நின்றது.

போன வருஷம் ஒரு மூட்டைத் தவிடு வாங்கினேன். பத்து நாளில் பால் குறைஞ்சது. பக்கத்துக் கழனிப் பெரியவர், "ஒரு பிடி எடுத்துத் தண்ணியில போடுப்பா"ன்னார். போட்டேன். பாதிக்கு மேல் உமித்தூள் மிதந்தது. நார் கணக்குக் கூடியிருக்கும், மாட்டுக்கு ஒட்டியது ஒண்ணுமில்லை.

இப்போ வீட்டுச் சாப்பாட்டுக்கான நெல்லை நிறுத்தி வச்சு, சின்ன மில்லில் அரைச்சு, தவிட்டையும் கையோடு வாங்கி வர்றேன். 75 கிலோ மூட்டைக்கு 6 கிலோதான் தேறும். ரெண்டு மாட்டுக்கு அது எந்த மூலைக்கு? மிச்சத்தைக் கடையில்தான் வாங்கணும். தண்ணியில போட்டுப் பார்க்காம வாங்குறதில்லை.