கண்டி மலையும் பௌதிக விதியும்

குண்டசாலை என்றதும் முதியோர் உள்ளத்தில் ஸ்ரீ வீர பராக்கிரம நரேந்திரசிங்க மன்னனின் நினைவு எழும். 1707 முதல் 1739 வரை கண்டி இராச்சியத்தை ஆண்ட அவன், மகாவலிக் கரையிலே இங்கு மாளிகை அமைத்து வாழ்ந்தமையால் ‘குண்டசாலை அரசன்’ என்றே வழங்கப்பட்டான். மதுரை நாயக்கர் குலத்தில் பெண் கொண்டவனும் அவனே. அவனுக்குப் பின் நாயக்கர் வழியினர் கண்டிச் சிம்மாசனம் ஏறியதைச் சரித்திரம் கற்ற இளைஞர் அறிவர். ஆனால் அவன் அரசாண்ட காலத்திலேயே, 1727 வரை, இங்கிலாந்தில் ஐசாக் நியூட்டன் வாழ்ந்திருந்தார் என்பதை எத்தனை பேர் சேர்த்து எண்ணிப் பார்த்திருப்போம்?

சரித்திரம் வேறு, பௌதிகம் வேறு என்று நாம் பிரித்துப் படிக்கிறோம். கண்டியின் கதையிலோ இவ்விரண்டும் பிரியாமல் பின்னிக் கிடக்கின்றன.

கண்டி இராச்சியத்தின் முதற் கோட்டை அதன் மலைகளே. கீழ்நாட்டிலிருந்து வரும் படை, தன் உடலையும் ஆயுதத்தையும் உணவையும் புவியீர்ப்புக்கு எதிராக அடியடியாகத் தூக்கிக்கொண்டே ஏறவேண்டும். 1638ஆம் ஆண்டு கண்டி நகரைக் கொளுத்திவிட்டுத் திரும்பிய போர்த்துக்கேயப் படையை, இரண்டாம் இராஜசிங்கனின் வீரர்கள் கன்னொறுவையில் வளைத்து அழித்தனர். அதே 1638இல், சாய்தளத்தில் உருளும் பந்தின் வேகம் எவ்வாறு கூடுகிறது என்பதை விளக்கும் கலிலியோவின் நூல் ஐரோப்பாவில் அச்சேறியது. மலைச்சரிவின் வலிமையைக் கண்டி வீரன் காலால் அறிந்தான். கலிலியோ கணக்கால் அறிந்தார். அந்த இராஜசிங்கன் மறைந்த 1687ஆம் ஆண்டிலேதான் நியூட்டனின் பெருநூலும் வெளிவந்தது.

மலையைத் துளைத்து வழி செய்பவனே கண்டியை நிலைத்து ஆள்வான் என்றொரு செவிவழிக் கதை உண்டு. 1815இல் இராச்சியத்தைக் கைக்கொண்ட ஆங்கிலேயர், தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கடுகண்ணாவைக் கணவாய் வழியே வீதி சமைத்தனர். ஓரிடத்தில் பாறையையே குடைந்தனர். அவ்வீதி நேராக மேலேறாமல் ஏன் வளைந்து வளைந்து செல்கிறது? உயரம் மாறாது, ஆனால் பாதையை நீட்டினால் இழுக்க வேண்டிய விசை குறையும். விசையில் மிச்சம் பிடித்ததைத் தூரத்தில் செலுத்தியே தீரவேண்டும். இதுவே சாய்தளத்தின் விதி. இறங்கும் மாட்டுவண்டியின் சக்கரத்தைக் கட்டையால் அழுத்தித் தடுத்த வண்டிக்காரன், பள்ளிக்கூடம் செல்லாமலே உராய்வின் பயனை அறிந்திருந்தான்.

அடுத்து வந்தது புகையிரதம். கோப்பியைக் கொழும்புக்கு இறக்குவதற்காக இடப்பட்ட பாதை 1867இல் கண்டியை எட்டியது. அதில் கடினமான பகுதி, றம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை வரையுள்ள ஏறத்தாழ 12 மைல் ஏற்றம். அங்கே 45 அடி முன்செல்ல ஓரடி உயர்கிறது பாதை. மொத்தம் ஏறும் உயரம் சுமார் 1,400 அடி.

மாணவர்களே, ஒரு சிறு கணக்குப் போடுங்கள். இயந்திரத்தோடு சேர்த்து 225 தொன் நிறையுள்ள வண்டித் தொடர் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். சமதரையில் அதை மெல்ல உருட்ட ஏறக்குறைய ஒரு தொன் இழுவை போதும். ஏற்றத்திலோ நிறையின் 45இல் ஒரு பங்கு, அதாவது மேலும் 5 தொன் வேண்டும். ஆக 6 தொன். உந்துசக்கரங்களின் மேல் 40 தொன் நிறை அழுத்தினால், காய்ந்த தண்டவாளத்தில் அதன் காற்பங்கான 10 தொன் அளவு பிடிமானம் கிடைக்கலாம். மழையில் நனைந்து அப்பிடிமானம் பாதியாகிவிட்டால் 5 தொன்தான்! நீராவி எவ்வளவு முழங்கினாலும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். அப்போது காப்பது எது? சக்கரத்தின் முன் தூவப்படும் ஒரு பிடி மணல். இதற்காகவே இயந்திரங்களில் மணற்பெட்டி வைத்தனர். பின்னால் நின்று தள்ள வேறோர் இயந்திரத்தையும் பூட்டினர்.

உராய்வு தேய்மானம் தரும் பகை என்று மட்டும் எண்ணாதீர்கள். அது இல்லையேல் வண்டி ஏறவும் முடியாது, இறங்கும்போது நிற்கவும் முடியாது. நாம் நடக்கவும் முடியாது.

இவ்வளவும் யாருடைய தோள்வலிமையால் நடந்தது? வீதி வேலையில் இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தால் மலைநாட்டுக் குடிகள் உழைத்தனர். புகையிரதப் பாதையிலும் கோப்பித் தோட்டங்களிலும் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம்மவர் உழைத்தனர். அவர்களிற் பலர் மன்னாரிலிருந்து காட்டு வழியே கால்நடையாக மலையேறியவர்கள். வழியிலே நோயால் மாண்டவர் தொகை பெரிது. வீதி சமைத்த கப்டன் டோசனுக்குக் கடுகண்ணாவையில் 1832இல் எழுப்பிய நினைவுக் கோபுரம் உண்டு. கல் சுமந்தவர்களுக்கோ ஒரு நடுகல்லும் இல்லை. பாதை கண்டியை எட்டிய இரண்டே ஆண்டில், 1869இல், கோப்பிச் செடியை நோய் தாக்கியது. பின்னர், 1867இல் லூல்கந்துரையில் தொடங்கிய தேயிலைப் பயிரே அப்பாதைக்குச் சுமை தந்தது. அதையும் கொய்தவை அதே கைகள்.

“விஞ்ஞானம் நமக்கு வராது” என்று நம் பிள்ளைகள் சிலர் புத்தகத்தை மூடிவிடுகின்றனர். அது கேட்டு மனம் வருந்துகிறது. பாட்டனார் பாரத்தைத் தலையில் ஏற்றி, புவியீர்ப்பை நாள்தோறும் எதிர்த்து மலையேறினார். அவர் உடலால் அறிந்ததைப் பேரன் அறிவால் அறிதல் முறையன்றோ? முதியோரே, நீங்கள் கண்ட வண்டிப் பாதைகளையும் கேட்ட கதைகளையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இளைஞர்களே, அடுத்த முறை கடுகண்ணாவை ஏற்றத்தைக் காணும்போது இயற்கை அழகோடு நின்றுவிடாது, அந்த 45இல் ஒரு பங்கையும் எண்ணிப் பாருங்கள். கோபுரம் இல்லாத அவ்வுழைப்பாளர்க்கு நாம் எழுப்பக்கூடிய நினைவுச்சின்னம் கல்வியே.