ஜி.ஐ.எல். - பொதுநிலைப் படச் செயலாக்க நூலகம்

சி++ மொழியில் அமைந்த படச் செயலாக்க நூலகம் ஜி.ஐ.எல். (ஜெனரிக் இமேஜ் லைப்ரரி). அடோபி நிறுவனத்தின் லுபோமிர் பூர்தெவ், ஹைலின் ஜின் ஆகியோர் இதை உருவாக்கினர். 2008இல் பூஸ்ட் என்ற சி++ நூலகத் தொகுப்பின் 1.35 பதிப்பில் இது இடம்பெற்றது. தரவு நினைவகத்தில் எப்படி அடுக்கப்பட்டிருந்தாலும் அதன்மீது ஒரே நிரல் இயங்கலாம் என்ற கருத்து, அலெக்சாண்டர் ஸ்டெபனோவின் எஸ்.டி.எல். (ஸ்டாண்டர்ட் டெம்ப்ளேட் லைப்ரரி) வழியாக 1994இலேயே சி++ வரைவுத் தரத்துக்குள் வந்துவிட்டது. அதைப் படங்களுக்குப் பொருத்தியதில் ஜெர்மனியின் உல்ரிச் கோத்தே உருவாக்கிய விக்ரா நூலகம் முந்தியது. ஜி.ஐ.எல். அதற்கு எவ்வளவு கடன்பட்டது என்று அறுதியிடுவது கடினம். இரண்டுக்கும் மூலம் எஸ்.டி.எல்.தான் என்பது வரை சொல்லலாம்.

பொதுமை, வேகம் என்ற இரு இலக்குகளும் ஒன்றையொன்று தின்னும் என்பதே பழைய நம்பிக்கை. ஜி.ஐ.எல். அதை மறுத்தது. நான்கு வண்ண வகை, மூன்று பிட் ஆழம், இரண்டு நினைவக அடுக்குமுறை என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு செயல்முறைக்கும் 24 நிரல்கள் எழுத வேண்டும். இங்கே ஒன்று போதும்; மற்றவற்றைத் தொகுப்பியே உருவாக்கிக்கொள்ளும். இந்த ஏற்பாட்டின் மிக அழகான பகுதி ‘வியூ’, அதாவது பிக்சல்களை நகலெடுக்காமல் படத்தை அணுகும் பார்வை. படத்தைத் தலைகீழாக்க ஒரு பிக்சலையும் நகர்த்துவதில்லை. கடைசி வரிசையிலிருந்து தொடங்கி, ஒரு வரிசையிலிருந்து அடுத்ததற்குத் தாவும் தூரத்தை எதிர்க்குறியாக்கினால் முடிந்தது. பிக்சல் மதிப்புகளின் கிடைமட்டச் சரிவைக் கணக்கிடும் நிரல் கையில் இருந்தால், 90 பாகை திருப்பிய வியூவை அதனிடம் கொடுத்துச் செங்குத்துச் சரிவையும் பெறலாம்.

இவை இலவசமாகக் கிடைப்பதில்லை என்ற ஆட்சேபம் நியாயமானதே. திருப்பிய வியூ நினைவகத்தில் வரிசை வரிசையாகத் தாவுவதால், பெரிய படங்களில் கேஷ் பயன் குறையும். ஆனால் அது அணுகும் ஒழுங்கின் விலை. கையால் எழுதிய நிரலும் அதே ஒழுங்கில் நடந்தால் அதே விலையைத்தான் கொடுக்கும். இன்னொரு ஆட்சேபம் வலுவானது. கோப்பைத் திறக்கும்வரை படம் கறுப்பு வெள்ளையா வண்ணமா என்று தெரியாதபோது, தொகுப்பு நேரத்தில் வகையை முடிவு செய்வது எப்படி? பட்டியலிட்ட வகைகளில் எதையும் ஏற்கும் ‘எனி இமேஜ்’ இதற்கு விடை. ஆனால் ஒவ்வொரு வகைக்கும் நிரல் உருவாவதால் தொகுத்த நிரல் பருக்கும். அதைக் குறைக்கும் வழிகளைப் பூர்தெவும் யாக்கோ யார்வியும் 2006இல் எழுதிய கட்டுரை ஆராய்ந்தது. பிக்சல் வகையை இயங்கும்போதே அறியும் ஓப்பன்சிவி என்ற படச் செயலாக்க நூலகம் மிகப் பரவலானதற்கு இந்த வசதியும் ஒரு காரணமாகலாம். ஆயத்தச் செயல்முறைகளின் எண்ணிக்கை அதைவிடப் பெரிய காரணம் என்றே தோன்றுகிறது. பரவல் குறைவு என்பதால் ஜி.ஐ.எல். வடிவமைப்பு தோற்றதாகாது.

பின்னாளில் நூலகம் புதிய சி++ தரங்களுக்கு மாறியது. ஜேபெக், பிஎன்ஜி கோப்புகளைப் படிக்க இன்றும் வெளி நூலகங்களையே சார்ந்துள்ளது.