பிளவுபட்ட ஜூரித் தீர்ப்பு

அமெரிக்காவில் 12 பேர் கொண்ட ஜூரி ஒருமனதாக முடிவெடுக்காத நிலையிலும் ஒருவரைக் குற்றவாளி என அறிவித்த முறை. லூசியானா, ஓரிகன் ஆகிய இரு மாநிலங்களில் மட்டும் அண்மைக்காலம் வரை நீடித்தது.

தோற்றம்: வெள்ளையர் மேலாதிக்கத்தை நிலைநாட்டுவதற்காகக் கூடிய 1898ஆம் ஆண்டின் லூசியானா அரசமைப்பு மாநாடு இதைப் புகுத்தியது. கறுப்பினத்தவரை ஜூரியிலிருந்து சட்டப்படி விலக்க முடியாததால், 9 பேரின் இசைவே போதும் என்றாக்கி அவர்களின் வாக்கைச் செல்லாக்காசாக்கினர். பின்னர் இந்த எண்ணிக்கை 10 ஆனது. ஓரிகன் 1934இல் இம்முறையை ஏற்றது.

ஒழிப்பு: 2018 வாக்கெடுப்பில் லூசியானா மக்கள் இதைக் கைவிட்டனர், அம்மாற்றம் 2019 முதல் நிகழும் குற்றங்களுக்கே பொருந்தியது. 2020இல் ‘ராமோஸ் எதிர் லூசியானா’ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இம்முறையை அரசமைப்புக்கு முரணானது என்றது. 10–2 என்ற வாக்கில் ஆயுள் தண்டனை பெற்றிருந்த ராமோஸ், 2023இல் மறுவிசாரணையில் விடுதலையானார்.

மறுவிசாரணை: மேல்முறையீடு முடிந்த பழைய வழக்குகளில் மத்திய நீதிமன்றங்கள் ராமோஸ் வழக்கின் தீர்ப்பைப் பின்பற்ற வேண்டியதில்லை என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2021இல் கூறியது. 2022இல் ஓரிகன் உச்ச நீதிமன்றம் பழைய கைதிகளுக்கும் மறுவிசாரணை உரிமையை வழங்கியது; அதே ஆண்டில் லூசியானா உச்ச நீதிமன்றம் மறுத்தது. இனவெறியில் பிறந்த விதி ஒழிந்தபின்னும், அதனால் தண்டிக்கப்பட்டோரைச் சிறையில் வைத்திருப்பது நீதியாகாது.