ஒருமுறையோடு ஒழிவதா?

கொழு தேய்ந்ததென்று மேலூர் உழவன் கலப்பையை வீசி எறிந்ததுண்டா? இல்லை! கொழுவை மட்டும் கழற்றிக் கொல்லன் உலைக்குக் கொண்டு சென்றான். காய்ச்சித் தட்டி மீண்டும் பூட்டினான். கெட்டதைக் கழற்ற இடம்வைத்தே அக்கருவி ஆக்கப்பட்டிருந்தது. அவ்வுழவன் கண்ணில் புரை விழுந்து அறுவை மேசையில் படுக்கும்போது மட்டும் வேறு நியாயம் பேசுகிறார்கள்—தொட்ட கருவியைத் தூர எறி என்று!

தூய்மைக்காக, என்பர். தூய்மை வேண்டும், மறுப்பார் யார்? 1847-இல் வியன்னாவில் செம்மல்வைஸ் கைகழுவச் சொன்னபோது எள்ளி நகையாடியவர்கள் மருத்துவர்களே! 1867-இல் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் புண்ணைக் காத்த முறையை உலகறியச் செய்தார். 1879-இல் சாம்பர்லாண்ட் அழுத்த நீராவிக் கலனை அமைத்தார். அதில் 121 பாகை செல்சியஸ் வெப்ப நீராவி, உரிய நேரம் நின்றால் கிருமி மாளும். மாண்டதா என்று சோதித்தும் பார்க்கலாம். சோதித்து அறிவது தூய்மை. சோதிக்காமலே ஒதுக்குவது தீட்டு! உறையின் மேல் 'ஒருமுறைக்கே' என்று அச்சிட்டவன் ஒவ்வொன்றையும் சோதித்தா அச்சிட்டான்? விற்பனைக் கணக்கும் அதிலே உண்டு, தோழர்களே!

1976-இல் மதுரையில், முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய டாக்டர் ஜி. வெங்கடசாமி, அரசுப் பணி ஓய்வுக்குப் பின், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பிற நாடுகளில் ஒருமுறையோடு எறியப்படும் பல பொருள்கள் அங்கே தூய்மை செய்யப்பட்டு மீண்டும் பயன்பட்டன. கருவி பழுதுபார்க்கும் பயிற்சியும் அங்கே உண்டு. (கண்ணுக்குள் பொருத்தும் வில்லையை மறுமுறை பயன்படுத்த இயலாது, அதை மலிவாகச் செய்யவே 1992-இல் ஆரோலேப் எழுந்தது.)

எல்லாவற்றையும் மீண்டும் பயன்படுத்தலாமா? ஆகாது. ஊசியை எறியத்தான் வேண்டும். நீர் புகாத நுண்குழாய், நீராவியில் உருகும் பிளாஸ்டிக், திறக்கவே முடியாதபடி ஒட்டிய கூடு—இவற்றைக் கழுவுவதெப்படி, பழுதுபார்ப்பதெப்படி? கழற்றும் மரையும், வெப்பம் தாங்கும் உலோகமும், கிடைக்கும் உதிரிப் பாகமும் கருவியை வரையும் நாளிலேயே எண்ணப்பட வேண்டியவை. வரைவோன் மறந்ததைச் செவிலியால் ஈடுசெய்ய இயலுமா?

2017-இல் வெளிவந்த ஆய்வொன்று, அரவிந்தின் புரை அறுவை ஒன்றுக்கு வெளியாகும் கரியமிலக் கணக்கு, பிரிட்டனில் அதே அறுவைக்கு ஆவதில் ஏறத்தாழ 5 விழுக்காடே என்றது. ஆபத்தில்லையா என்பீர்கள். அங்கே நடந்த 20 லட்சம் புரை அறுவைகளை ஆராய்ந்தனர். கண்ணுள் கிருமி புகுந்து கெட்டது, ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. அறுவையின் முடிவில் கண்ணுக்குள்ளேயே கிருமிக்கொல்லி மருந்து செலுத்தப்பட்டவர்களிடம் அதனினும் குறைவு.