சுடாத நெருப்பு



நான் பள்ளியில் பணியாற்றிய காலத்தில் ஒரு நாள், பொருளுக்குத் திடம், திரவம், வாயு என மூன்றே நிலைகள் உண்டென்று கரும்பலகையில் எழுதினேன். கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, மேலே எரிந்த குழல் விளக்கைக் காட்டி, "ஐயா, அதற்குள் ஒளிர்வது எந்த நிலை?" என்று கேட்டான். "பாடத்தைக் கவனி" என்று அதட்டி உட்கார வைத்தேன். அந்தக் கடனை இன்று தீர்க்க விரும்புகிறேன்.

வாயுவினூடே மின்சாரம் பாயும்போது அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிகின்றன. அவ்வாறு மின்னேற்றம் பெற்ற வாயுவுக்கு 1928 ஆம் ஆண்டில் 'பிளாஸ்மா' என்று பெயரிட்டவர் அமெரிக்க விஞ்ஞானி இர்விங் லாங்மியூர். குழல் விளக்கினுள் எலெக்ட்ரான்களின் வெப்பநிலை ஏறத்தாழ பதினாயிரம் பாகை. ஆயினும் கண்ணாடி நம் கையைச் சுடுவதில்லை. ஏன்? எலெக்ட்ரான் கடுகு, அணு ஆட்டுக்கல். கடுகு எவ்வளவு வேகமாக மோதினாலும் கல் நகராது; வாயு சூடேறாது. ஆனால் மூலக்கூறுகளின் பிணைப்பை அறுக்கும் ஆற்றல் அந்தக் கடுகுக்கு உண்டு. இதுவே குளிர் பிளாஸ்மாவின் இரகசியம்.

பெயர் வருவதற்கு முன்பே பயன் வந்துவிட்டது. 1857 ஆம் ஆண்டில் ஜெர்மானியப் பொறியியலாளர் வெர்னர் சீமன்ஸ், ஒன்றனுள் ஒன்றாக அமைந்த கண்ணாடிக் குழாய்களின் இடைவெளியில் மின்சாரத்தால் ஓசோன் வாயுவை உண்டாக்கினார். மின்பொறி பெருந்தீயாக வளராதபடி இடையிலிருந்த கண்ணாடியே தடுத்தது. பிரான்சு நாட்டு நீஸ் நகரம் 1906 ஆம் ஆண்டு முதல் ஓசோனால் குடிநீரைத் தூய்மை செய்யலாயிற்று.

1933 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பாலிஎதிலீன் பிறந்தது. அதன் வழவழப்பான பரப்பில் அச்சு மை ஒட்டவில்லை. 1951 ஆம் ஆண்டில் டென்மார்க்கில் இதற்கு வழி கண்டனர். மின்னிறக்கத்தின் வழியே தாளைச் செலுத்தினால் அதன் மேற்பரப்பில் பிராணவாயு கலந்த தொகுதிகள் உண்டாகின்றன, மை பற்றிக்கொள்கிறது. உள்ளிருக்கும் பிளாஸ்டிக்கு மாறுவதில்லை.

பரப்பை மட்டும் தீண்டி உள்ளே ஊறு செய்யாத இக்குணம் மருத்துவர்களைக் கவர்ந்தது. 1996 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மௌனிர் லரூசி, சாதாரணக் காற்றழுத்தத்தில் பிளாஸ்மாவால் கிருமிகளைக் கொல்லலாம் என்று காட்டினார். 2010 ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஆறாத புண்களுடைய 36 நோயாளிகளுக்கு, வழக்கமான மருத்துவத்துடன் தினமும் ஐந்து நிமிடம் ஆர்கான் பிளாஸ்மா அளித்தனர். கிருமிகள் 34 சதவீதம் கூடுதலாகக் குறைந்தன.

இங்கே ஓர் எச்சரிக்கை. கிருமி குறைவது வேறு, புண் ஆறுவது வேறு. 2020 ஆம் ஆண்டில் வெளியான மற்றொரு ஜெர்மானிய ஆய்வில், நீரிழிவு நோயாளிகளின் காற்புண்கள் பிளாஸ்மாவால் விரைந்து சுருங்கின. கிருமிகளின் அளவிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை! அப்படியானால் புண்ணை ஆற்றுவது எது? உயிரணுக்களைப் பிளாஸ்மா தூண்டுகிறது என்று பலர் கருதுகின்றனர், ஆராய்ச்சி தொடர்கிறது. காலையே இழக்க நேரிடும் நோயாளிக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று.

விளக்கைச் சுட்டிய அந்தப் பையன் கேட்டது நல்ல கேள்வி. அதனை அடக்கியது என் பிழை. உங்கள் ஆசிரியர் அதட்டினாலும், நண்பர்களே, கேள்வியை மட்டும் கைவிடாதீர்கள்.